ஊசி போட்ட பிறகு அந்த ஊசி எங்கே போகிறது?

ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே நாம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்த ஊசி எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? இரத்தக்கறை படிந்த பஞ்சு எங்கே போகிறது? புண்ணைச் சுற்றியிருந்த கட்டுத்துணி, மருந்துத் தண்ணீர் ஏற்றிய குழாய், பிரசவ அறையில் விழும் நஞ்சுக்கொடி, இவையெல்லாம் எங்கே போகின்றன? எந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு முன்வாசல் இருப்பதுபோல் ஒரு பின்வாசலும் உண்டு. முன்வாசலில் நோய் தீர்கிறது. பின்வாசலைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அதே நோய் அந்த வழியாக வெளியே போய் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரசர் ஐயாவிடம் கண்ணாடிச் சிரிஞ்சு இருக்கும். ஊசி போட்டு முடிந்ததும் அதைக் கழுவி, தட்டில் வைத்துக் கொதிக்கவைத்து, அடுத்த ஆளுக்குப் போடுவார். ஊசி முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வதும் உண்டு. அந்தக் காலத்தில் வைத்தியத்தால் வந்த குப்பை மிகக் குறைவு. கொஞ்சம் பஞ்சும் சில கண்ணாடிப் புட்டிகளும்தான்.

அப்படியானால் அந்த முறையே நல்லது என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. எகிப்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். நைல் ஆற்றங்கரைக் கிராமங்களில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு ஒருவகைப் புழு நோய் பரவலாக இருந்தது. அதை ஒழிக்க 1950களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் அரசாங்கமே ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமலே ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போட்டுவிட்டார்கள். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி என்ற கிருமி இலட்சக்கணக்கானவர்களின் இரத்தத்தில் புகுந்தது. உலகிலேயே அந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து பல்லாண்டுகள் இருந்தது. 2018இல் நாடு முழுவதும் மக்களைச் சோதித்து மருந்து கொடுக்கும் பெரிய இயக்கம் தொடங்கிய பிறகு அந்தப் பாரம் வெகுவாக இறங்கியது.

இந்தமாதிரி ஆபத்தினால்தான் ஒருமுறை போட்டுவிட்டு எறிந்துவிடும் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்தது. வந்தது நன்மைக்கே. ஆனால் ஒவ்வோர் ஊசியும் ஒரு குப்பை ஆகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,600 கோடி ஊசிகள் போடப்படுகின்றன. அத்தனையும் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்?

ஒரு குடம் பாலில் ஒரு துளி

ஆஸ்பத்திரிக் குப்பை என்றாலே எல்லாம் விஷம் என்று நினைத்து விலகிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு நம் வீட்டுக் குப்பை போன்றதுதான். மருந்து வந்த அட்டைப்பெட்டி, பழைய காகிதம், நோயாளி மிச்சம் வைத்த சோறு, பழத்தோல். மீதமுள்ள 15 விழுக்காட்டில்தான் ஆபத்து இருக்கிறது. கிருமி உள்ள இரத்தம், கூரிய ஊசி, கத்தி, அறுவையில் எடுத்த சதை, காலாவதியான மருந்து, சில இரசாயனங்கள் இவை.

சங்கடம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? இரண்டையும் ஒரே வாளியில் போடும்போது. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்தால் குடம் முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாலு ஊசியைப் போட்டுவிட்டால் வாளி முழுவதும் ஆபத்தான குப்பை ஆகிவிடுகிறது. பதினைந்து பங்குக்குச் செலவு செய்ய வேண்டியவர்கள் நூறு பங்குக்கும் செலவு செய்ய வேண்டும். பணக்கார நாடு அதைத் தாங்கும். ஏழை நாடு என்ன செய்யும்? ஒன்று, குழி தோண்டிக் கொளுத்தும். இல்லையென்றால் இரவோடு இரவாக எங்கேயாவது கொட்டிவிட்டு வரும்.

கொட்டுவது என்பது கற்பனைப் பேச்சல்ல. 2024 டிசம்பரில் தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய கிராமங்களில் கேரள மாநில ஆஸ்பத்திரிக் கழிவு குவிந்து கிடந்ததை ஊர்மக்கள் கண்டார்கள். எந்த ஊர்க் குப்பை என்று கண்டுபிடிக்க அதிகம் சிரமப்படவில்லை. குப்பைக்குள் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களே காட்டிக்கொடுத்துவிட்டன! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, உங்கள் குப்பையை நீங்களே எடுத்துப் போங்கள் என்று உத்தரவிட்டது. கேரளத்து லாரிகள் வந்து திரும்ப அள்ளிக்கொண்டு போயின. இத்தனைக்கும் இந்தியாவில் இதற்கென்று 1998ஆம் ஆண்டிலேயே சட்டவிதி வந்துவிட்டது. 2016இல் அதை இன்னும் இறுக்கினார்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பைக்கும் பெட்டிக்கும் நிறம்கூடக் குறித்திருக்கிறார்கள். சட்டம் காகிதத்தில் இருக்கிறது, குப்பை வயலில் கிடக்கிறது.

இதைவிடக் கொடுமையான ஒன்று 2009இல் நடந்தது. குஜராத் மாநிலத்தில் மொடாசா என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் திடீரென்று மஞ்சள் காமாலை பரவியது. ஹெபடைடிஸ் பி என்ற கிருமி. பலர் மாண்டார்கள். விசாரித்தபோது, ஒருமுறை போட்ட ஊசியையே திரும்பத் திரும்பப் போட்ட வைத்தியர்கள் பிடிபட்டார்கள். பழைய சிரிஞ்சுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி, கழுவி, புதிதுபோல் விற்கும் வியாபாரம் நடந்துகொண்டிருந்ததும் வெளியே வந்தது. தூக்கி எறிந்த ஊசி நடந்து திரும்பி வந்து மனிதன் உடம்பில் ஏறிவிட்டது. ஊசியைப் போட்டவுடன் வெட்டி முறித்துவிடவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். ஒருமுறை அழுத்தினால் தண்டு பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் வந்ததும் இதனால்தான். தடுப்பூசி போடும் இடங்களில் அப்படிப்பட்ட சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 1999இல் சேர்ந்து அறிவித்தன.

கொளுத்திவிட்டால் தீர்ந்துவிடுமா?

நம் தோட்டப்புறத்தில் குப்பை என்றால் ஒரே வைத்தியம்தான். லயத்துக்குப் பின்னால் குவித்து நெருப்பு வைப்பது. பல ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளும் இதைத்தான் செய்துவந்தன. பின்புறத்தில் ஒரு செங்கல் உலை, மாலையானால் கரும்புகை.

கிருமி செத்துவிடும், உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் குப்பையில் பிளாஸ்டிக் அதிகம். இரத்தப் பை, மருந்துக் குழாய் போன்றவற்றைச் செய்யும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. அது சரியான சூடு இல்லாமல் எரிந்தால் டயாக்சின் என்ற நஞ்சு பிறக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு அது. காற்றில் கலந்து, புல்லில் படிந்து, மாடு தின்று, பாலில் இறங்கி நம்மிடமே வந்து சேரும். அதனால்தான் 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்பாட்டில் நாடுகள் குறைக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் டயாக்சினும் இடம்பெற்றது. சரியாக எரிக்க வேண்டுமானால் இரண்டு அறை கொண்ட உலை, 850 டிகிரிக்குக் குறையாத சூடு, புகையை வடிகட்டும் கருவி எல்லாம் வேண்டும். விலையும் அதிகம், எண்ணெய்ச் செலவும் அதிகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உடைந்த காய்ச்சல்மானியில் உருண்டோடும் பாதரசம் எரிந்தால் ஆவியாகி மூளையையும் நரம்பையும் தாக்கும். சின்ன வயதில் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்!

காத்மாண்டு செய்துகாட்டிய வழி

எரிக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது, கையில் காசும் இல்லை என்றால் ஓர் ஏழை நாடு என்னதான் செய்யும்? இந்தக் கேள்விக்கு நேப்பாளத்தின் தலைநகரில் ஓர் ஆஸ்பத்திரி பதில் சொல்லியிருக்கிறது.

காத்மாண்டு நகரின் நட்டநடுவில், துண்டிக்கேல் என்ற பெரிய மைதானத்துக்குப் பக்கத்தில் பீர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் பழமையானது, அந்நாட்டிலேயே மூத்த ஆஸ்பத்திரி. மலைநாட்டு ஏழைகள் வந்து குவியும் அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2010இல் அங்கே குப்பை விஷயத்தை அடியோடு மாற்றும் வேலை தொடங்கியது. உள்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று முன்னின்றது, வெளியிலிருந்தும் உதவி வந்தது. பெரிய உலை வாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு வார்டிலும் தாதியர் மருந்து கொண்டுவரும் தள்ளுவண்டியிலேயே தனித்தனிப் பாத்திரங்கள் வைக்கப்பட்டன. ஊசி போட்ட கையோடு அங்கேயே ஒரு சிறு கருவியில் விட்டு முனையை வெட்டிவிட வேண்டும். இரும்பு முனை ஒரு டப்பாவில், பிளாஸ்டிக் உடல் இன்னொன்றில். காகிதம் தனி, புட்டி தனி, சோறு தனி. பத்தடி நடந்துபோய்ப் போடவேண்டும் என்றால் அவசரத்தில் யாரும் போடமாட்டார்கள். கை எட்டும் தூரத்தில் இருந்தால் போடுவார்கள். மனித சுபாவத்தை அறிந்து செய்த ஏற்பாடு இது. என் மனத்தில் மிகவும் பதிந்தது இந்தச் சிறு விஷயம்தான்.

கிருமி பட்ட கழிவை எரிக்காமல் ஆவியில் வேகவைத்தார்கள். ஆட்டோகிளேவ் என்பது அந்த யந்திரத்தின் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் பெரியண்ணன் அது. தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். மூடி இறுக்கி அழுத்தம் ஏற்றினால் ஆவியின் சூடு 121 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் தேவையான நேரம் வைத்திருந்தால் எந்தக் கிருமியும் தப்பாது. புகை இல்லை, டயாக்சின் இல்லை. வெளியே வருவது வெறும் பிளாஸ்டிக்கும் இரும்பும் கண்ணாடியும்தான். அவற்றைப் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு விற்றுவிடலாம். குப்பை காசாகிறது!

மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் மண்புழுவுக்குக் கொடுத்தார்கள். அது எருவாயிற்று. பாதரசம் உள்ள காய்ச்சல்மானிகளையும் இரத்த அழுத்தக் கருவிகளையும் எடுத்துவிட்டு வேறு கருவிகளைக் கொண்டுவந்தார்கள். பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்பாடு 2013இல்தான் கையெழுத்தாயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஏழை நாட்டு ஆஸ்பத்திரி எவ்வளவு முந்திக்கொண்டது என்று புரியும்.

இதில் கடினமான பகுதி யந்திரம் அல்ல, பழக்கம்தான். டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். நோயாளியின் உறவினர் சாப்பாட்டுப் பொட்டலத்தை எந்த வாளியில் போடுவது என்று அவருக்கும் சொல்ல வேண்டும். யந்திரத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உலகில் அதிகம். இரண்டு வருடம் கழித்து அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆளும் பணமும் வேண்டுமே. அதற்கும் சேர்த்து ஏற்பாடு இருந்தால்தான் எதுவும் நிலைக்கும். இல்லையென்றால் யந்திரம் மூலையில் துருப்பிடிக்க, பின்புறத்தில் மறுபடியும் புகை எழும்பும்.

கொரோனா காலத்தில் இந்தப் பாடத்தை உலகமே படித்தது. 2022 பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகள் ஏற்பாட்டில் நாடுகளுக்கு அனுப்பிய கையுறை, முகக்கவசம், அங்கி போன்றவை மட்டும் சுமார் 87,000 டன். போடப்பட்ட 800 கோடித் தடுப்பூசிகளால் சேர்ந்த புட்டி, ஊசி, பெட்டிகள் 144,000 டன். உலகில் பத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு இருக்கிற குப்பையையே சமாளிக்க வசதியில்லை, மிக ஏழை நாடுகளில் பத்தில் ஆறுக்கு இல்லை என்றும் அது சொன்னது.

நம் நாட்டில்

மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. ஆபத்தான கழிவுகளுக்கான விதிகள் 1989இல் வந்து, 2005இல் புதுப்பிக்கப்பட்டன. ஆஸ்பத்திரிக் கழிவும் அந்தப் பட்டியலில் உண்டு. 1997ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு அகற்றுதல் முதலிய வேலைகளைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்கள் செய்துவருகின்றன. வார்டில் நீங்கள் பார்க்கும் மஞ்சள் பை கிருமிக் கழிவுக்கு. கறுப்புப் பை சாதாரணக் குப்பைக்கு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழத்தோலை மஞ்சள் பையில் போடாதீர்கள். அதை அகற்றுவதற்கு ஆகும் செலவு வேறு. அதைவிட முக்கியம், இரத்தம் துடைத்த பஞ்சைக் கறுப்புப் பையில் போடாதீர்கள். அந்தப் பையைத் தூக்குகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.

தூக்குகிறவர் யார்? இந்த நாட்டில் நகரசபைக் குப்பை வண்டியிலும் ஆஸ்பத்திரித் துப்புரவிலும் நம்மவர்கள் பல தலைமுறையாக இருந்துவந்திருக்கிறார்கள். தோட்டம் விற்றுப்போய் நகரத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களிலும் எத்தனையோ பெண்கள் இந்த வேலைக்குப் போகிறார்கள். பையைத் தோளில் போட்டுத் தூக்கும்போது உள்ளிருந்து ஓர் ஊசி குத்தினால் என்ன ஆகும்? அந்த ஊசி ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்டதாக இருந்தால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. எல்லாரும் எயிட்ஸுக்குத்தான் பயப்படுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் பயப்பட வேண்டியது காமாலைக்கு.

இனி, நம் வீட்டுக்கே வருவோம். ஆஸ்பத்திரிக்குச் சட்டம் இருக்கிறது, பை இருக்கிறது, வண்டி இருக்கிறது. வீட்டு அடுப்படிக்கு என்ன இருக்கிறது? 2023இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடம் அது மற்ற இனத்தாரைவிட அதிகம் என்று பல கணக்குகள் காட்டியிருக்கின்றன. பாட்டி காலையிலும் இரவிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தாத்தா விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்க்கிறார். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஊசி என்றால் வருடத்துக்கு எத்தனை? நம்மில் பலர் அவற்றைச் சோற்றுக் குப்பையோடு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போட்டுவிடுகிறோம். மறுநாள் காலையில் அந்தப் பையைத் தூக்குவது யாரோ ஒருவருடைய மகன்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. துணி துவைக்கும் சவர்க்காரத் திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தண்ணீர்ப் புட்டி வேண்டாம், ஊசி துளைத்துவிடும். கண்ணாடிப் புட்டியும் வேண்டாம், விழுந்தால் உடையும். வெளியே பெரிய எழுத்தில் ‘ஊசி’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். ஊசி போட்டதும் முனைக்கு மறுபடி மூடி மாட்டப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில்தான் விரலில் குத்திக்கொள்வார்கள். அப்படியே புட்டிக்குள் போடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி, நாடா ஒட்டி, மருந்து வாங்கப் போகும்போது அரசாங்க கிளினிக்குக்கு எடுத்துப்போய், இதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மிஞ்சிப்போன மாத்திரைகளையும் கழிவறையில் கொட்டாமல் கிளினிக்கின் மருந்து கொடுக்கும் இடத்தில் திருப்பிக் கொடுக்கலாம்.

துப்புரவு வேலைக்குப் போகிற சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊசி குத்திவிட்டால் இரத்தத்தைப் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். திட்டுவார்களோ, சம்பளம் பிடிப்பார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஹெபடைடிஸ் பிக்கோ முன்கூட்டியே தடுப்பூசி இருக்கிறது. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு அதை 1989 முதல் போட்டுவருகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று குப்பைப் பை தூக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் பலர், போட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று தவணை ஊசி அது. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் அதைக் கேளுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். மூன்று தேதியையும் அட்டையில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.